துவைச்சலுக்கு ஏற்ற எண்ணெய் எது?

அறுவடைக் காலம் நெருங்கும்போது நாட்டின் எந்தப் பகுதியிலும் கொல்லனின் உலைக்கு ஓய்விராது. மாட்டுவண்டியையே வீடாகக் கொண்டு ஊர் ஊராகத் திரிந்த இராஜஸ்தானத்துக் காடியா லோகார்களாயினும், உத்தரப் பிரதேசத்துச் சிற்றூர் லோகார்களாயினும், தென்னாட்டுக் கொல்லர்களாயினும் வேலை நடக்கும் முறை பெரிதும் ஒன்றே. ஒருவர் பற்றுக்குறட்டால் பழுத்த இரும்பைப் பட்டடையின்மேல் பிடித்துச் சிறு சுத்தியால் இடம் காட்டுவார். மற்றொருவர் சம்மட்டி ஓங்குவார். காடியா லோகார் குடும்பங்களில் சம்மட்டி பெரும்பாலும் பெண்களின் கையில் இருக்கும். பல மணி நேர உழைப்பில் அரிவாள் உருப்பெறுகிறது. இறுதியில் அதைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீர்த் தொட்டியில் தோய்க்கின்றனர். அப்பொழுது ‘டிக்’ என்று ஒரு மெல்லிய ஓசை எழுகிறது. வாய்ப்புறத்தில் மயிரிழை போன்ற வெடிப்பு ஒன்று தோன்றுகிறது. இரும்பு, கரி, இருவரது உழைப்பு ஆகிய மூன்றும் அந்த ஒரு நொடியில் வீணாகின்றன.

இதற்கு நேர்மாறான குறையும் உண்டு. அரிவாள் வெடிக்காமல் நல்ல தோற்றத்துடன் விற்பனையாகும். இரண்டு நாள் கதிர் அறுத்ததும் வாய் மடங்கிவிட்டதென்று உழவர் அதைத் திரும்பக் கொணர்வார். இவ்விரு குறைகளும் வெவ்வேறானவைபோல் தோன்றினும் பெரும்பாலும் இவற்றின் காரணம் ஒன்றே: எஃகின் இயல்புக்கும் அதைத் தோய்த்த திரவத்தின் இயல்புக்கும் பொருத்தமில்லை. ஆகவே எந்த எண்ணெய் நல்லது என்ற கேள்விக்கு விடை காண விரும்புவோர், எந்த எஃகு என்ற கேள்வியை முதலில் கேட்டாக வேண்டும்.

பழைய நூலில் ஒரு குறிப்பு

காய்ச்சிய எஃகைத் திரவத்தில் அமிழ்த்தி விரைவில் குளிரச் செய்து கடினமாக்குவதைக் கொல்லர்கள் துவைச்சல் என்றும் தோய்ச்சல் என்றும் கூறுவர். திரவத்தைத் தேர்ந்தெடுக்கும் பிரச்சினை மிகப் பழமையானது. கி.பி. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் இயற்றிய பிருகத் சம்ஹிதையில் வாளின் இலக்கணம் கூறும் அத்தியாயம் ஒன்றுண்டு. வாளைத் தோய்ப்பதற்கு இரத்தம், நெய், தண்ணீர் ஆகியவற்றை அது குறிப்பிட்டு, ஒவ்வொன்றினாலும் விளையும் பயனை வாளுடையோனின் பாக்கியத்தோடு இணைத்துப் பேசுகிறது. வாழைச் சாம்பலின் காரத்தை மோருடன் கலந்து ஒரு நாள் வைத்திருந்து பயன்படுத்தும் முறையும் அதில் காணப்படுகிறது.

பாக்கியத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அப்பட்டியல் இன்றைய உலோகவியலுக்கு முற்றும் அந்நியமானதன்று. நெய் மெதுவாகக் குளிர்விக்கும். தண்ணீர் விரைவாகக் குளிர்விக்கும். உப்போ காரமோ கரைந்த தண்ணீர் அதனினும் விரைவாகக் குளிர்விக்கும். முற்காலக் கொல்லர்கள் அனுபவத்தால் அறிந்திருந்த இவ்வேற்றுமையின் காரணம் இருபதாம் நூற்றாண்டில்தான் தெளிவாயிற்று.

எஃகினுள் நிகழும் மாறுதல்

எஃகு என்பது இரும்பும் சிறிதளவு கரியும் சேர்ந்த கலவை. ஏறத்தாழ 727 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் அதைக் காய்ச்சும்போது அதன் அணுக்களின் அமைப்பு மாறி, கரி முழுவதும் இரும்பினுள் கரையத் தொடங்குகிறது. இந்நிலைக்கு ஆஸ்டினைட் என்று பெயர். மெதுவாக ஆறவிட்டால் கரி பிரிந்து மென்மையான பெர்லைட் என்னும் அமைப்பு உண்டாகிறது. கரி பிரிந்து வெளியேற நேரம் கொடாமல் விரைவில் குளிரச் செய்தால், அது இரும்பினுள்ளேயே சிறைப்பட்டு மார்ட்டென்சைட் என்னும் மிகக் கடினமான அமைப்பைத் தோற்றுவிக்கிறது. ஜெர்மானிய உலோகவியலார் அடால்ஃப் மார்ட்டென்ஸின் நினைவாக இடப்பட்ட பெயர் இது.

எவ்வளவு விரைவு வேண்டும் என்பதை 1930ஆம் ஆண்டு அமெரிக்காவில் டாவன்போர்ட், பெயின் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் வரைபடமாகக் காட்டினர். எஃகு மென்மையடையும் அபாயம் மிகுதியாக உள்ள இடம் ஏறத்தாழ 550 டிகிரி. அந்த இடத்தை விரைந்து கடந்துவிட வேண்டும். வேறு பொருள் கலவாத கரி எஃகிற்கு அங்கே ஒரு நொடி அவகாசம்கூடக் கிடையாது. சிலிக்கான், மாங்கனீசு, குரோமியம் முதலியன கலந்த எஃகுக்குச் சில நொடிகள் அவகாசம் உண்டு.

அந்த இடத்தைக் கடந்தபின் அவசரம் தேவையில்லை. அவசரம் தீமையும் செய்யும். 0.6 சதவிகிதக் கரியுள்ள எஃகில் ஏறத்தாழ 300 டிகிரிக்குக் கீழ் மார்ட்டென்சைட் உண்டாகத் தொடங்கும். அப்பொழுது எஃகு சற்றே பருக்கிறது. பருமன் 4 சதவிகிதம் வரை கூடலாம். வெளிப்பகுதி முதலில் பருத்து இறுகிவிட, உட்பகுதி பின்னர் பருத்து அதை வெளிநோக்கித் தள்ளுகிறது. இந்த இழுப்பைத் தாங்க முடியாதபோது தோன்றுவதே வெடிப்பு. ஆகவே 550 டிகிரிப் பகுதியில் விரைந்தும், 300 டிகிரிக்குக் கீழ் நிதானமாகவும் குளிர்விக்கும் திரவமே சிறந்தது.

தண்ணீரும் எண்ணெயும்

பழுத்த எஃகு திரவத்தில் இறங்கியவுடன் மூன்று கட்டங்கள் நிகழ்கின்றன. முதலில் அதைச் சுற்றி ஆவிப்போர்வை ஒன்று சூழ்ந்து வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கிறது. பின்னர் அப்போர்வை கலைந்து திரவம் எஃகைத் தொட்டுக் கொந்தளித்துக் கொதிக்கிறது. வெப்பம் மிக விரைவாக வெளியேறுவது இக்கட்டத்தில்தான். கொதிப்பு அடங்கிய பின் திரவத்தின் ஓட்டத்தினால் மட்டும் எஃகு மெல்லக் குளிர்கிறது.

தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதால், எஃகு 300 டிகிரியைக் கடந்து இறங்கும்போதும் அதன் கொந்தளிப்பு அடங்குவதில்லை. மெதுவாகச் செல்ல வேண்டிய இடத்திலும் அது விரைகிறது. வெடிப்பின் மூலகாரணம் இதுவே. எண்ணெயின் கொதிநிலை மிக உயர்ந்தது. ஆகவே எஃகு 300 டிகிரியை நெருங்கும்போது கொதிப்பு பெரும்பாலும் ஓய்ந்து, நிதானமான மூன்றாம் கட்டம் வந்துவிடுகிறது.

எண்ணெய்களுக்குள்ளும் வேக வேறுபாடு உண்டு. அதனை அளக்க ஒரு முறை வழக்கில் உள்ளது. நிக்கல் உருண்டை ஒன்றைச் சுமார் 885 டிகிரிக்குக் காய்ச்சித் திரவத்தில் இட்டு, அது மீண்டும் காந்தத்தால் கவரப்படும் நிலையான சுமார் 354 டிகிரிக்குக் குளிர எடுக்கும் நேரத்தைக் கணக்கிடுவர். தண்ணீரில் இதற்கு ஓரிரு நொடிகளே போதும். வேகமான துவைச்சல் எண்ணெய்களில் 8 முதல் 10 நொடிகளும், நடுத்தர எண்ணெய்களில் 11 முதல் 14 நொடிகளும், மெதுவான எண்ணெய்களில் 15 முதல் 20 நொடிகளும் ஆகும்.

கையிலுள்ள எஃகு எது?

வீட்டுப் பட்டறைக்கு வரும் எஃகு பெரும்பாலும் பழைய இரும்புக் கடையிலிருந்து வருவது. லாரியின் ஸ்பிரிங் பட்டை அவற்றுள் முதன்மையானது. அதில் 0.5 முதல் 0.65 சதவிகிதம் வரை கரி இருக்கும். பல பட்டைகளில் 1.5 முதல் 2 சதவிகிதம் வரை சிலிக்கானும் கலந்திருக்கும். குரோமியம் கலந்த பட்டைகளும் உள்ளன. இவை யாவும் எண்ணெய்த் துவைச்சலுக்கென்றே உருவானவை. தண்ணீரில் இட்டால் வெடிக்கும் வாய்ப்பு அதிகம். ஒரு சதவிகிதம் கரியும் ஒன்றரை சதவிகிதம் வரை குரோமியமும் கொண்ட பேரிங் வளையங்களும் எண்ணெய்க்கே உரியவை.

தேய்ந்த அரத்தின் தன்மை வேறு. அதில் கரி ஒரு சதவிகிதத்திற்கு மேலும் இருக்கும். வேறு பொருள்கள் மிகக் குறைவு. பருமனான உளியை அரத்தினால் செய்தால் மெதுவான எண்ணெய் போதாது. தண்ணீரோ மிக வேகமான எண்ணெயோ தேவைப்படும். கட்டடக் கம்பியில் கரி 0.3 சதவிகிதத்திற்கு மேற்படுவதில்லை. அதை எந்தத் திரவத்தில் தோய்த்தாலும் அரிவாளுக்கு வேண்டிய கடினம் வாராது. அத்தகைய இரும்புக்கு நல்ல எண்ணெய் தேடி அலைவது வீண் வேலை.

பெயரறியா எஃகைச் சோதிக்கும் வழி எளிது. கையளவு துண்டொன்றை வெட்டிக் காய்ச்ச வேண்டும். காந்தத்தை அருகில் கொணர்ந்து பார்த்துக்கொண்டே வந்தால், ஏறத்தாழ 770 டிகிரியில் எஃகு காந்தத்தால் கவரப்படாது போகும். பழைய ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தம் இதற்குப் போதும். அந்நிலைக்குச் சற்று மேலே காய்ச்சி எண்ணெயில் தோய்த்து, ஆறியபின் நல்ல அரத்தால் தேய்க்க வேண்டும். அரம் பற்றாமல் கண்ணாடியின்மேல் வழுக்குவதுபோல் வழுக்கினால் எண்ணெய் போதுமானது. அரம் கடித்தால் வேறொரு துண்டை வெதுவெதுப்பான தண்ணீரில் தோய்த்துப் பார்க்கலாம். மெதுவான திரவத்தை முதலிலும் வேகமானதைப் பின்னரும் சோதிப்பதே முறை. மென்மையாகிப்போன துண்டை மீண்டும் காய்ச்சலாம். வெடித்த துண்டை ஒன்றும் செய்ய இயலாது.

கடினமான துண்டை உடைத்து உட்புறத்தையும் நோக்க வேண்டும். சாம்பல் நிறத்தில் பட்டுப்போன்ற நுண்மணிகள் தெரிந்தால் காய்ச்சிய அளவு சரி. சர்க்கரைக் கற்கள்போல் பளபளத்தால் அளவுக்கு மீறிக் காய்ச்சிவிட்டதாகக் கொள்ளலாம். எண்ணெயின்மேல் சுமத்தப்படும் பழிகள் பல உண்மையில் இந்த மிகைக் காய்ச்சலினால் நேர்பவை.

எண்ணெய்களின் தரம்

துவைச்சலுக்கென ஆலைகளில் தயாராகும் கனிம எண்ணெய்களே எல்லா வகையிலும் நம்பத்தக்கவை. அவற்றின் வேகம் நிலையானது; ஆவிப்போர்வையை விரைவில் கலைக்கும் பொருள்களும், பலமுறை சூடேறினும் கெடாதிருக்க உதவும் பொருள்களும் அவற்றில் சேர்க்கப்பட்டுள்ளன. ஆயினும் அவை பெரும்பாலும் பீப்பாய்க் கணக்கில் விற்கப்படுவதால் தனி ஒரு கொல்லருக்கு எட்டுவதில்லை. ஒரே ஊரில் அல்லது கூட்டுறவுச் சங்கத்தில் உள்ள பலர் கூடி ஒரு பீப்பாயை வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம்.

அடுத்த இடம் தாவர எண்ணெய்களுக்கு உரியது. இவை எளிதில் ஆவியாவதில்லை. ஆகவே ஆவிப்போர்வை மிகச் சிறிது நேரமே நிற்கிறது, அல்லது தோன்றுவதே இல்லை. தொடக்கத்திலேயே வேகமாகவும் பின்னர் நிதானமாகவும் குளிர்விப்பதால், மெல்லிய அரிவாள், கத்தி, ஸ்பிரிங் பட்டைக் கருவிகள் ஆகியவற்றிற்கு இவை நன்கு பொருந்துகின்றன. கர்நாடகத்தில் சூரத்கல்லிலுள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் தாவர எண்ணெய்களின் குளிர்விக்கும் திறன் குறித்து ஆராய்ச்சிகள் நடந்துள்ளன. தாவர எண்ணெய்களுள் வீட்டுப் பட்டறைக்குக் கடலை எண்ணெய் நல்ல தேர்வு. சுத்திகரித்த கடலை எண்ணெய் தீப்பற்றும் நிலை 300 டிகிரிக்கு மேற்பட்டது. தேங்காயெண்ணெய் 24 டிகிரியளவில் உறைந்துவிடும்; வட இந்தியக் குளிர்காலத்தில் அது தொட்டியிலேயே கட்டியாகிவிடும். விளக்கெண்ணெய் மிகவும் தடித்தது. சூடாக்கினாலன்றி எஃகைச் சுற்றி எளிதில் ஓடாது. ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டால் பிசினாகும் இயல்புடையது. அதில் நனைந்த கந்தல் குவியலாகக் கிடந்தால் தானாகவே தீப்பற்றவும் கூடும்.

தாவர எண்ணெய்களின் குறை, நாளடைவில் அவை தடித்துப் பிசுபிசுத்துத் துர்நாற்றம் கொள்வதாகும். தடித்த எண்ணெயின் வேகம் குறையும். சூடு ஆறியவுடன் வடிகட்டி மூடி வைத்தால் நெடுநாள் வரும். பலகாரக் கடைகளில் பொரித்து ஒதுக்கிய எண்ணெய் மலிவானது. ஆயினும் அதில் உப்பும் நீரும் உணவுத் துணுக்குகளும் இருப்பதால், வடிகட்டி நீர் முழுவதும் போகும் வரை மெல்லச் சூடாக்கிய பின்னரே அதைப் பயன்படுத்த வேண்டும்.

வண்டி எஞ்சினிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெய்

நடைமுறையில் பெரும்பாலான பட்டறைகளில் காணப்படுவது மோட்டார் வண்டிகளின் எஞ்சினிலிருந்து வடித்த பழைய எண்ணெய்தான். அது மிக மலிவாகக் கிடைக்கும். எஃகும் ஓரளவு கடினமாகும். ஆனால் அதன் உண்மையான விலை வேறிடத்தில் செலுத்தப்படுகிறது. எஞ்சினில் ஓடிய எண்ணெயில் உலோகத் துகள்களும், எரிபொருளின் எச்சமும், நீரும், புற்றுநோயைத் தோற்றுவிக்கும் இரசாயனப் பொருள்களும் சேர்கின்றன. பயன்படுத்திய பெட்ரோல் எஞ்சின் எண்ணெயைச் சுண்டெலிகளின் தோலில் தடவியபோது புற்றுக்கட்டிகள் தோன்றியதை ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. பழுத்த எஃகு அதில் இறங்கும்போது எழும் புகையைக் கொல்லர் மட்டும் சுவாசிப்பதில்லை. உலைக்களம் வீட்டு முற்றத்திலேயே அமைந்திருப்பதால், துருத்தியருகில் அமர்ந்த மனைவியும் பக்கத்தில் விளையாடும் குழந்தையும் அதே புகையைச் சுவாசிக்கின்றனர்.

இத்தகைய கழிவு எண்ணெயை 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள் கட்டுப்பாட்டுக்குரிய பொருளாகக் கொண்டுள்ளன. டீசல் கலந்திருந்தால் அது எளிதில் தீப்பற்றும் என்பதும் நினைவிற்குரியது. பழைய மின்மாற்றிகளில் இருந்து எடுத்த எண்ணெய் இதனினும் கொடிது. அதில் பாலிகுளோரினேற்ற பைபீனைல் என்னும் நஞ்சு இருக்கலாம். மண்ணெண்ணெயையும் டீசலையும் துவைச்சலுக்கு ஒருபோதும் கையாளலாகாது.

அளவும் சூடும்

எண்ணெயின் வகையைப் போலவே அதன் அளவும் முக்கியமானது. ஒரு கிலோகிராம் எஃகு 800 டிகிரியிலிருந்து குளிரும்போது வெளியிடும் வெப்பம் 10 லிட்டர் எண்ணெயின் சூட்டை ஏறத்தாழ 25 டிகிரி உயர்த்தும். அதே எஃகை 2 லிட்டர் எண்ணெயில் தோய்த்தால் சூடு 125 டிகிரிக்கு மேல் உயர்ந்து, அடுத்த துண்டு இறங்கும்போது தீ எழும் நிலைக்கு அருகில் வந்துவிடும். எனவே கிலோவுக்குப் பத்து லிட்டர் என்ற கணக்கை மனத்தில் கொள்வது நலம்.

எண்ணெயை 50 முதல் 60 டிகிரிக்குச் சூடாக்கிக்கொண்டு தொடங்க வேண்டும். சூடேறிய எண்ணெய் இளகி எளிதில் ஓடுவதால், குளிர்ந்த எண்ணெயைக் காட்டிலும் விரைவாக வெப்பத்தை வாங்கும். காய்ச்சிய இரும்புத் துண்டொன்றை முன்கூட்டி அதில் இறக்கினாலே இச்சூடு வந்துவிடும்.

எண்ணெயில் நீர் கலந்திருப்பது பேராபத்து. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,700 லிட்டர் இடத்தை நிரப்பும். அடியில் தங்கிய சிறிதளவு நீரும் கொதிக்கும் எண்ணெயை வெளியே பொங்கச் செய்யும். மழைக்காலத்தில் மூடாமல் விட்ட தொட்டிகளில் இவ்விபத்து நேரக்கூடும். அடியிலிருந்து எடுத்த எண்ணெயில் சில துளிகளை இரும்புக் கரண்டியில் சூடாக்கினால், நீர் இருப்பின் சடசடவென்று வெடிக்கும் ஓசை கேட்கும்.

தோய்க்கும் முறை

தொட்டி ஆழமான இரும்புப் பாத்திரமாக இருத்தல் வேண்டும். பிளாஸ்டிக் வாளி கூடாது. வாய் குறுகியதாகவும், உடனே மூடத்தக்க இரும்பு மூடியுடனும் இருப்பது நன்று. கூரையின் ஓலைக்கும் வைக்கோலுக்கும் எட்டாத வெட்டவெளியில் அதை வைத்து, அருகில் உலர்ந்த மணலை வைத்திருக்க வேண்டும். எரியும் எண்ணெயின்மேல் தண்ணீர் ஊற்றலாகாது; மூடியால் மூடினாலே தீ அணைந்துவிடும்.

கருவியைச் சாய்க்காமல் நேராக இறக்கி, முழுவதும் எண்ணெயினுள் அமிழும்படி செய்ய வேண்டும். பாதி வெளியே நின்றால் எண்ணெயின் மேற்பரப்பில் தீ எழும். உள்ளே சென்றபின் மேலும் கீழும், அல்லது வாய் செல்லும் திசையில், அசைக்கலாம். பக்கவாட்டில் அசைத்தால் ஒரு புறம் முந்திக் குளிர்ந்து அலகு வளைந்துவிடும். அசைவின் பயன் சிறிதன்று. அசையாத எண்ணெயைவிட நன்கு அசைக்கப்படும் எண்ணெய் மிகுந்த திறனுடன் குளிர்விக்கும்.

துவைச்சலோடு வேலை முடிவதில்லை. கடினமான எஃகு கண்ணாடிபோல் நொறுங்கக்கூடியது. கை பொறுக்கும் சூட்டிற்கு ஆறியவுடன் காலந்தாழ்த்தாமல் மீண்டும் இளஞ்சூடேற்றிப் பதம் வாங்க வேண்டும். துலக்கிய எஃகின்மேல் தோன்றும் நிறமே அளவுகோல். ஏறத்தாழ 220 முதல் 230 டிகிரியில் வைக்கோல் மஞ்சளும், 255இல் பழுப்பும், 280இல் ஊதாவும், 300இல் நீலமும் தோன்றும். கத்திக்கு மஞ்சளும், அரிவாளுக்குப் பழுப்பும், அடி தாங்க வேண்டிய கோடாலிக்கு ஊதாவும் ஏற்றவை. இரும்புச் சட்டியில் மணலைச் சூடாக்கி அதன்மேல் கருவியை வைத்தால் சூடு சீராகப் பரவும்.

2023ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் தொடங்கப்பெற்ற பிரதம மந்திரி விசுவகர்மா திட்டம் கொல்லர் தொழிலையும் தன் 18 தொழில்களுள் ஒன்றாகச் சேர்த்து, பயிற்சிக்கும் 15,000 ரூபாய் வரையிலான கருவி உதவிக்கும் வழி செய்தது. சம்மட்டியும் ஊதுவிசிறியும் வாங்கும் கொல்லர், மூடியுள்ள ஒரு துவைச்சல் தொட்டியையும் பத்து லிட்டர் நல்ல எண்ணெயையும் அவற்றோடு எண்ணிப் பார்ப்பது தகும். ஒரு பருவத்தில் வெடித்து வீணாகும் அரிவாள்களின் கணக்கை எழுதிப் பார்த்தால், அந்த எண்ணெயின் விலை பெரிதாகத் தோன்றாது. முற்றத்தில் எழும் கரும்புகை குறைவதால் குடும்பத்துக்கு உண்டாகும் நன்மையோ எந்தக் கணக்கிலும் அடங்காது.